ஒன்றும் செய்ய வேண்டாத மரம்

போன வெள்ளிக்கிழமை விடிய, வாயில் பற்பசை நுரையோடு குழாயடியில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு வங்கி மனேச்சர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். வெள்ளவத்தையில் முதல்நாள் பின்னேரம் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. மனிசனுக்குத் தலையெல்லாம் ஈரம். கையில் ஒரு வாளி, அதிலும் விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"ஐயா, நீங்கள் கண்டியில கனகாலம் இருந்தனீங்கள் எல்லே. ஒருக்கா ஓடி வாங்கோ. கண்டியால கொண்டுவந்த என்ர மரம் சாகுது."

போய்ப் பார்த்தேன். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆளுயரம் வளர்ந்து, பழைய இலையெல்லாம் கரும்பச்சையாகப் பளபளவென்று நின்றது. நுனியில் புதிதாக விட்ட குருத்துத்தான் செம்பு நிறத்தில், நீளம் நீளமாக, உயிர் போனதுமாதிரித் துவண்டு தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரிப்பில்லை, நுரை புரைக்கேறி, கண்ணில் நீர் முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. மனேச்சருக்கு முகம் கறுத்துப் போயிற்று. வாளியை அவர் கையிலிருந்து வாங்கி வடிகானுக்குள் ஊற்றினேன்.

"இதுக்கு ஒண்டும் செய்யாதையும். உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி குடியும்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. நான் முதுகைக் காட்டியதும் வாளியை மறுபடி நிரப்பியிருப்பார். எனக்கு அதில் கோபமில்லை. அதே சாதி மரத்துக்கு, இதைவிடப் பெரிய மழையில், நாங்கள் மூன்று படித்த மடையர்கள் செய்த வேலையும் அதுதான்.

மூன்று பேர் யாரென்று சொல்லவேண்டும். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குக் கண்டிக்கு வருகிற கலியாணமாகாத பெடியன்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஒரு சமையற்காரனையும் வைத்துச் சீவிப்பார்கள். அதற்குச் சமறி என்று பெயர். எங்கள் சமறி கட்டுக்கலைப் பக்கம், படியேறிப் போகிற ஒரு மேட்டில் இருந்தது. அதில் நான் ஒருவன், செல்லத்துரை ஒருவன், அருளப்பு ஒருவன். அருளப்பு புகையிரதக் கந்தோரில் வேலை. எதற்கும் ஒரு சந்தேகம் கிளப்புவான், பிறகு மற்றவர்கள் சொன்னதையே செய்வான். செல்லத்துரை எங்களில் மூத்தவன். தகப்பனார் புகையிலைத் தோட்டக்காரர். உத்தியோகம் கிடைத்த அன்று வீட்டில் எல்லோரும் சந்தோசப்பட, தான் மட்டும் கிணற்றுத் துலாவடியில் போய் நின்று அழுததாக ஒருநாள் சொல்லியிருக்கிறான். பேனை பிடிக்கிற அந்தக் கை எந்த நேரமும் ஒரு மண்வெட்டியைத் தேடிக்கொண்டேயிருந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று கேட்டால், செல்லத்துரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன்.

கலியாணமாகாத ஆண்களுக்கு வீடு கொடுக்க அந்தக் காலத்தில் ஆருக்கும் மனம் வராது. எங்களுக்குக் கொடுத்தவர் காசிம் நானா. நானா என்றால் அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன். கெலிஓயாப் பக்கத்தவர், கண்டி நகரத்தில் புடவைக்கடை. எங்கள் வீட்டோடு ஒட்டிய பின்வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் கெலிஓயாவுக்கே போய்விட்டாள். மனைவியின் பெயர் சவுதா உம்மா. நாங்கள் சவுதா ராத்தா என்போம், அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிட்டோமே ஒழிய, முகத்தைக் கண்டதில்லை. அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு, எப்போதும் பாதி திறந்தபடி இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குரல். நாலு வருசமாக எங்களுக்கு ராத்தா என்றால் அந்தக் குரல்தான்.

குரல் என்று சொன்னால் போதாது, மணமும்தான். நோன்பு மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்கு அந்தக் கதவிடுக்கால் கஞ்சி மணம் வரும். இஞ்சி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கிற மணம். இப்போதும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் நான் நின்றுவிடுகிறேன், பின்னால் வருகிறவர்கள் என்மேல் முட்டிக்கொள்வார்கள். பெருநாளுக்கு வட்டிலாப்பம் என்கிற அவித்த இனிப்பு வரும். செல்லத்துரை சைவம், முட்டை தொடமாட்டான். வட்டிலாப்பத்தில் முட்டை இருக்கிறதா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஒரு வருசம் எனக்கு முறைக்காய்ச்சல் பிடித்து வாரக்கணக்காய்ப் படுத்துவிட்டேன். அந்த நாளில் சமையற்காரனும் வேறு சொல்லாமல் ஓடிவிட்டான். ஒவ்வொரு நாளும் மத்தியானம் அந்தக் கதவுப் படியில் மூடி வைத்த கோப்பை இருக்கும். அரிசிக் கஞ்சி, அல்லது கொத்தமல்லித் தண்ணி. வைக்கிறபோது கதவில் இரண்டு தட்டு. "தம்பி, சுடச் சுடக் குடிங்க. ஆற வெச்சா கொணமில்ல" என்று குரல் வரும். நான் பிழைத்தது கொயினா மருந்தினால் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

இனி மரத்துக்கு வருகிறேன். இரண்டு வீட்டுக்கும் பக்கமாக இருந்த சின்ன முற்றத்தில் அது நின்றது. பர்மாவிலிருந்து வெள்ளைக்காரர் கொண்டுவந்து பேராதனைப் பூந்தோட்டத்தில் வைத்த சாதி. வருசம் முழுக்கப் பச்சை மாறாது. பூத்தால் கிளையிலிருந்து சரஞ்சரமாகத் தலைகீழாய்த் தொங்கும், இரத்தச் சிவப்பு இதழில் மஞ்சள் பொட்டு வைத்து. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சீமாட்டியின் பெயர். தமிழில் பெயரே கிடையாது. நாங்கள் ராத்தாவின் மரம் என்றோம்.

ராத்தா கலியாணமாகி வந்த புதிதில், திரை கட்டிய மாட்டு வண்டிலில் ஒருநாள் பேராதனைக்குப் போனாராம். திரை இடுக்கால் அந்த மரத்தைப் பூவோடு கண்டாராம். அவ்வளவுதான், பிறகு போகவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அந்த மரம் இலேசில் காய்க்காது, விதை கிடைக்காது, கிளையில் பதியம் போட்டுத்தான் கன்று எடுக்கவேண்டும். காசிம் நானா எங்கெங்கோ சொல்லி வைத்து, மகள் பெரியவளான பிறகுதான் ஒரு கன்று வாங்கிக் கொடுத்தார். அது வளர்ந்தது. இலை விட்டது. பத்துப் பன்னிரண்டு வருசமாக ஒரு பூவும் பூக்கவில்லை. மரத்தின் தூரில் காலையில் நாங்கள் எழும்புமுன் யாரோ கூட்டி, காய்ந்த இலையைக் குவித்து விட்டிருப்பது மட்டும் தெரியும்.

ஒரு ஐப்பசியில் அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். அப்போது அது ஐந்தாறு மாதப் பயணம். கப்பல், பிறகு ஒட்டகம், வழியில் நோய். போகிறவர்கள் திரும்பி வருவோம் என்று எண்ணிக்கொண்டு போவதில்லை. ஆகையால் போகுமுன் தெரிந்தவர், தெரியாதவர், கடைக்கு வந்தவர் எல்லோரிடமும் வீடு வீடாகப் போய்ப் பொறுதி கேட்பார்கள். காசிம் நானா எங்கள் விறாந்தைக்கு வந்தார், கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

"தம்பிமாரே, நாங்க போறம். அறிஞ்சோ அறியாமலோ ஏதும் பிழ செஞ்சிரிந்தா பொறுத்துக்கோங்க."

வீட்டுக்காரர் குடியிருக்கிறவர்களிடம் பொறுதி கேட்கிறார்! எழும்பி நின்றோம். அருளப்புக்குக் கண் கலங்கிப்போயிற்று. நானா மரத்தைக் காட்டினார். "இது ஒங்ககிட்ட அமானத்து. ஒங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறம்." அமானத்து என்றால் என்னவென்று நாங்கள் அறிவோம். நம்பி ஒப்படைத்த பொருள், இறைவனுக்கு முன்னால் பதில் சொல்லவேண்டியது.

அப்போது கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "அதுக்கு ஒண்டும் செய்ய வேணாம் தம்பி. மழ காலந்தானே. ஆடு மாடு வாய் வெக்காமப் பாத்தாப் போதும்."

நாலு வருசத்தில் அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். அதை எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்று நாங்கள் அன்று இரவே யோசிக்கத் தொடங்கிவிட்டோம்.

உங்களுக்கு யாழ்ப்பாணத்தாரைத் தெரியும். கல்லை உடைத்து, மண்ணைக் கொட்டி, துலா மிதித்து, ஒவ்வொரு கன்றுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் காட்டிப் பிழைத்த சனம். எங்கள் ஊரில் தண்ணீர் விடாமல் ஒரு மரம் நிற்கிறதென்றால், அது பனையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வளவுக்காரனுடையதாக இருக்கவேண்டும். ஒப்படைத்த மரத்துக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதா?

"ராத்தா மரியாதைக்குச் சொல்லுறா" என்றான் செல்லத்துரை. "எங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு. நாங்கள் மனிசரெண்டால் எங்களுக்குத் தெரியவேணும்."

"ஒண்டும் செய்யவேண்டாம் எண்டெல்லே சொன்னவ" என்றான் அருளப்பு.

"நீ பேசாமல் இரு. நீ கடற்கரையான், உனக்கு மரம் செடி தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி வந்தது. செல்லத்துரை சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு மரத்தின் தூரைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டினான். வரம்பு அழகென்றால் அப்படி அழகு, விரலால் நீவி விட்டிருந்தான். ராத்தா குவித்திருந்த காய்ந்த சருகையெல்லாம் குப்பை என்று அள்ளி எறிந்தான். பால்காரனிடம் மாட்டெரு, வேலியில் வெட்டிய பச்சைக் குழை, எல்லாவற்றையும் தாட்டு மூடினான். அந்த வேலையின்போது அவன் பாடினான். நாலு வருசத்தில் அவன் பாடி நான் கேட்டதில்லை. பிறகு தண்ணீர். கீழே மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் பிடித்து, நாற்பது படி சுமந்து ஏறவேண்டும். காலையில் ஒரு தகரம், கந்தோர் விட்டு வந்து ஒரு தகரம்.

மழையா? மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கண்டியில் ஐப்பசி, கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியாதா. தலதா மாளிகை மேளம்கூட ஈரமாகக் கேட்கும். ஆனால் வானத்துத் தண்ணீர் வேறு, கையால் விடுகிற தண்ணீர் வேறு என்பது செல்லத்துரையின் கட்சி. "மழை இலையை நனைக்கும், வேருக்குப் போகாது" என்றான். நான் நம்பினேன். ஒருநாள் பின்னேரம் கொட்டுகிற மழையில் அவன் தகரத்தைச் சரித்து மரத்துக்குத் தண்ணீர் விட, அவன் நனையாமல் அருளப்பு குடை பிடிக்க, வரம்பு உடையாமல் நான் காலால் அணைகொடுத்து நின்றேன். எதிர்வீட்டு மெனிக்கே வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "அனே, இந்த மாத்தயாமாருக்குப் பிஸ்ஸு" என்று புருசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிங்களத்தில் பிஸ்ஸு என்றால் பைத்தியம். அவளுக்குக் கண்டி மழையின் அருமை தெரியாது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

கார்த்திகை விளக்கீட்டுக்குக் கிட்டத்தான் குருத்து விட்டது. காலையில் பார்த்தால் கிளை நுனியெல்லாம் செம்பு நிறக் குஞ்சங்கள், துவண்டு, சோர்ந்து, முழ நீளத்துக்குத் தொங்குகின்றன. ஈரத்துணியைக் கொடியில் போட்டதுமாதிரி. தொட்டால் உள்ளே எலும்பே இல்லை. முன்னைய வருசங்களிலும் அது இப்படி விட்டிருக்கும்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டிருக்கும். யார் பார்த்தது? காலையில் கந்தோருக்கு ஓடுகிறவன் வீட்டுக்காரியின் மரத்தை அண்ணாந்தா பார்ப்பான்?

"ஐயோ, வாடுது!" என்றான் செல்லத்துரை. "தண்ணி காணாது."

இரண்டு தகரம் நாலு தகரமாயிற்று. நான் இரண்டு சுமந்தேன். தோள்மூட்டு இன்றைக்கும் மழைக்காலத்தில் நோகும், அதற்கு வயது காரணமென்று என் மனைவி சொல்கிறாள். சுமக்கச் சுமக்க மரம் மோசமானது. தொங்கிய குருத்து கறுத்துக் கருகியது. பிறகு பழைய இலை மஞ்சளாகி, ஒன்றிரண்டாக, பிறகு கைகையாக உதிர்ந்தது. பாத்தியில் தண்ணீர் வற்றாமல் பச்சையாக நின்றது. தவளை வந்து குடியிருந்தது. மண்ணிலிருந்து புளித்த கஞ்சி நாற்றம் ஒன்று எழும்பியது.

எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானா வீட்டை விட்டு எழுப்பிவிடுவார் என்ற பயம் இல்லாமலில்லை. ஆனால் அது பெரிதில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று, ராத்தா, உங்கள் மரம் செத்துப்போயிற்று என்று யார் சொல்வது? அந்தக் கோப்பையில் கஞ்சி குடித்த வாயால் நான் சொல்லவேண்டும். எனக்கு இரவில் நித்திரை வரவில்லை, இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஊரில் தங்கச்சியின் கலியாணம் குழம்பியபோதுகூட நான் நன்றாக நித்திரை கொண்டவன்.

செல்லத்துரைக்கு ஒரு யோசனை வந்தது. "பேராதனையில கேட்டு இதே அளவில வேற ஒண்டு கொண்டுவந்து நட்டால்?"

"விசரா! இதென்ன கோழியே, ஆள் தெரியாமல் மாத்த?" என்றான் அருளப்பு. எங்கள் சமறி வரலாற்றில் அவன் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பேராதனைக்குப் போனோம். பூந்தோட்டத்தில் அந்தத் தாய்மரத்தைத் தேடிப் பிடித்தோம். கண்டதும் செல்லத்துரை நெஞ்சில் கையை வைத்தான். "ஐயோ, கடவுளே! இதுவும் சாகுது!"

உண்மைதான், மரம் முழுக்கக் குருத்து தொங்கியது. நூறு நூறு குஞ்சம், எல்லாம் துவண்டுபோய். ஆனால் மரம் ஒரு வீடளவு. அடிமரம் கட்டிப்பிடிக்க முடியாத மொத்தம். எத்தனையோ வருசமாக இப்படிச் செத்துக்கொண்டே நிற்கிற மரத்தை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். கீழே வாங்கில் இருந்து அண்ணாந்து பார்த்தோம். மெல்ல மெல்லக் கண் பிடித்தது. ஒரு கிளையில் குருத்து இளஞ்சிவப்பாகத் துவண்டு தொங்கியது. பக்கத்துக் கிளையில் அதே குஞ்சம் கொஞ்சம் பச்சை ஏறி, பாதி நிமிர்ந்திருந்தது. அதற்கு மேலே ஒன்று முழுதாக விறைத்து, விரிந்து, மினுங்கியது. பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காததுமாதிரி, இந்த மரத்தின் குருத்துக்கு முதல் நாட்களில் நிற்கத் தெரியாது. பிறவி அப்படி. அதற்கு வருத்தமில்லை, தாகமில்லை, ஒன்றுமில்லை.

மரத்தடியைப் பார்த்தோம். பாத்தி இல்லை. எரு இல்லை. சரிவான நிலம், மழைத் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. தூரில் அதன் சருகே அதற்கு மெத்தையாகக் கிடந்தது. நாங்கள் குப்பையென்று அள்ளி எறிந்த அதே சருகு.

"எடேய்" என்றான் செல்லத்துரை. பிறகு, "நான் தண்ணி விட்டே கொண்டுபோட்டனடா" என்றான். அருளப்பு அவன் தோளில் கையைப் போட்டான். பிறகு மூன்று பேரும் கேற்றை நோக்கி ஓடினோம். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் நாங்கள் எதையோ களவெடுத்துக்கொண்டு ஓடுகிறோம் என்று நினைத்துப் பார்த்தார்.

அன்று பின்னேரமே வரம்பை உடைத்தோம். தாட்ட எருவையும் அழுகிய குழையையும், மண்வெட்டி வேரை வெட்டிவிடும் என்று பயந்து, கையாலே தோண்டி எடுத்தோம். அந்த நாற்றம் மூன்று நாள் கையை விட்டுப் போகவில்லை, கந்தோரில் பெரியதுரை யன்னலைத் திறக்கச் சொன்னார். தூரிலிருந்து படிக்கரை வரை ஒரு வாய்க்கால் வெட்டித் தேங்கிய தண்ணீரை ஓடவிட்டோம். தவளையும் அதோடு போயிற்று. ஆனால் மழை விட்டால்தானே? மார்கழி மழை இருக்கிறது. ஆகையால் சந்தையில் தென்னோலைக் கிடுகு வாங்கி, நாலு கால் நட்டு, மரத்தின் தூருக்குப் பந்தல் போட்டோம். மழையில் குடை பிடித்துத் தண்ணீர் விட்டவர்கள், இப்போது மழை படாமல் மரத்துக்குக் கூரை போடுகிறார்கள். மெனிக்கே இந்த முறை புருசனைக் கூப்பிடவில்லை, அக்கம்பக்கத்தையே கூப்பிட்டாள்.

பிறகு செய்யவேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நண்பரே, அதைப்போல ஒரு கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. பின்னேரம் தேத்தண்ணியோடு மூன்று பேரும் படியில் இருப்போம். மரம் பாதி மொட்டையாக நிற்கும். செல்லத்துரை தன் இரண்டு கையையும் முழங்காலுக்குள் வைத்து இறுக்கிக்கொள்வான். "ஒரு சிரட்டைத் தண்ணி?" என்பான். "வேண்டாம்" என்போம். "இலைக்கு மட்டும் தெளிச்சு?" "வேண்டாம்!" மண்வெட்டியை அருளப்பு தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தான்.

தை பிறந்தது, மழை ஓய்ந்தது. மஞ்சள் நின்றது. மாசியில் ஒருநாள் காலை, உச்சிக் கிளையில் ஒரு குஞ்சம், செம்பு நிறத்தில், துவண்டு, சோர்ந்து, சாகிறமாதிரித் தொங்கியது. அதைக் கண்டு நாங்கள் பட்ட சந்தோசம் சொல்லத் தரமல்ல. செல்லத்துரை கந்தோருக்குப் போகும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். அருளப்பு தன் பங்குக்குத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினான்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் பங்குனியில் கிளையின் கீழ்ப்பக்கத்திலிருந்து வேறொன்று இறங்கியது. குருத்தில்லை. சிவப்பு மொட்டுகள் இரண்டு பக்கமும் அடுக்கிய சரம். நாலைந்து இடத்தில். பத்துப் பன்னிரண்டு வருசம் பூக்காத மரம், நாங்கள் வேரை அழுகவைத்து, மொட்டையாக்கி, பட்டினி போட்ட பிறகு பூக்கிறது. பயந்துபோய்ப் பூத்ததோ, கோபத்தில் பூத்ததோ, அது அதற்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம்.

இப்போது புதிய கவலை. அந்தப் பூ மூன்று நாள்கூட நிற்காது. நானாவின் கடைக்குக் கப்பல் எப்போது வருமென்று தகவல் வந்திருக்கிறதா என்று நான் நாள்தோறும் போய்க் கேட்டேன். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. முதற் சரம் விரிந்தது. முற்றமே சிவந்து போயிற்று. கொட்டியது. இரண்டாவது விரிந்தது, கொட்டியது. ஒருநாளும் முற்றத்தை எட்டிப் பாராத தெருச்சனமெல்லாம் வந்து பார்த்தது. மெனிக்கே விகாரைக்கு வைக்க உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டு போனாள். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கவேண்டிய ஒரு ஆளைத் தவிர. கடைசியாக ஒரே ஒரு சரம் மிஞ்சியது. அதற்கு வெயில் படாமல் செல்லத்துரை தன் வெள்ளை வேட்டியைக் கட்டி நிழல் செய்தான்.

அந்தச் சரம் விரிந்த மறுநாள் அவர்கள் வந்தார்கள். புகையிரத நிலையத்தில் பெரிய கூட்டம். காசிம் நானா காசிம் ஹாஜியாராகி, மெலிந்து, கறுத்து, தாடியோடு இறங்கினார். நாங்கள் அவருக்குக் கை கொடுத்துவிட்டு, முன்னாலே வீட்டுக்கு ஓடிவந்து விறாந்தையில் நின்றோம். சொல்லவேண்டியதைச் செல்லத்துரை பாடமாக்கி வைத்திருந்தான். ராத்தா, பிழை நடந்துபோச்சு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

பெண்கள் பின்பக்கத்தால் வந்தார்கள். அந்தப் பாதிக் கதவு முழுதாகத் திறந்தது. வெள்ளைச் சேலை முக்காட்டோடு, சின்ன உருவமாக, ஒரு அம்மா முற்றத்துக்கு இறங்கினார். எங்களை அவர் காணவில்லை. அவர் அந்தப் பூவைத்தான் கண்டார். கையிலிருந்த மூட்டை கீழே விழுந்தது. முக்காடு நழுவியது, அதைத் தூக்கிவிட அவருக்கு எண்ணம் வரவில்லை. அண்ணாந்து நின்றார். நரைத்த தலை, பயணத்தில் வாடிய முகம், அதில் கண்ணீர் தன்பாட்டில் வடிந்தது. "மாஷா அல்லாஹ்" என்று அதே குரல் மெல்லச் சொன்னது. நாங்கள் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். நாலு வருசமாகக் குரலாக மட்டும் இருந்தவரின் முகத்தை நான் கண்டது அந்த ஒரு கணம்தான். என்னவோ, என் தாயின் சாயல் இருந்தது என்று நினைக்கிறேன். அந்த வயதில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் இருப்பார்களோ என்னவோ.

கொஞ்சநேரத்தில் கதவு பழையபடி பாதியாகச் சாத்திக்கொண்டது. பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பிமாரே, இதுக்கு என்ன செஞ்சீங்க?"

முற்றத்தில் பந்தற்கால் நாலும் நிற்கின்றன. வாய்க்கால் படிக்கரை வரை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கிளையில் வேட்டி தொங்குகிறது. மரம் பாதி மொட்டை. செல்லத்துரைக்குப் பாடமாக்கியது முழுக்க மறந்துபோயிற்று.

"ஒண்டும் செய்யேல்லை ராத்தா" என்றான். "நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

கதவுக்குப் பின்னால் இருந்து, "நல்லம் தம்பி. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றார். அன்று பின்னேரம் பேரீச்சம்பழமும் சின்னப் போத்தலில் மக்காவின் புனிதக் கிணற்று ஸம்ஸம் தண்ணியும் படியில் இருந்தன. போத்தல் முழுதாக நிரம்பியிருக்கவில்லை. மரத்தின் தூரில் ஒரு கைப்பிடி இடம் மட்டும் நனைந்திருந்ததை செல்லத்துரை எனக்குக் காட்டினான். அவனுக்கு முகத்தில் அவ்வளவு பொறாமை.

இரண்டு வருசம் கழித்து எனக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் மரம் பூத்தது, பந்தலும் வேட்டியும் இல்லாமல். புறப்படுகிற அன்று, பெட்டியை வண்டிலில் ஏற்றிவிட்டு, எனக்கு என்ன தோன்றியதோ, அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். அவர்கள் வழக்கம் என் வாயில் தானாக வந்தது.

"ராத்தா, நான் போட்டு வாறன். அறிஞ்சோ அறியாமலோ ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

"எல்லாம் அப்பவே பொறுத்தாச்சு தம்பி" என்றது குரல். பிறகு ஒரு சிரிப்பு, அவர் சிரித்து நான் கேட்ட ஒரே சிரிப்பு. "எங்கட மரத்துக்கு நீங்க ஊத்தின தண்ணியும் சேத்துத்தான்."

மூன்று வருசத்துக்கு முன் கண்டிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது அந்தப் படியைத் தேடி ஏறினேன். நாற்பது படியும் இருக்கின்றன, எனக்குத்தான் இரண்டு இடத்தில் குந்தியிருந்து ஏறவேண்டியதாயிற்று. மேலே இரண்டு வீடும் இல்லை. மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது, முற்றமிருந்த இடத்தில் சீமெந்து போட்டு வாகனம் விடுகிறார்கள். அங்கே நின்ற காவற்காரரிடம் மரத்தைக் கேட்டேன். அவருக்கு மரமும் தெரியாது, ஹாஜியாரையும் தெரியாது. செல்லத்துரை ஊரில் புகையிலைத் தோட்டத்தோடேயே இருந்து கண்ணை மூடிவிட்டான். அருளப்புவின் கடைசிக் கடிதம் வந்து பத்து வருசமாகிறது. இப்போது புறப்படுகிறவர்கள் விமானத்தில் போய் மாதத்துக்குள் வந்துவிடுகிறார்கள், குடியிருக்கிறவனிடம் பொறுதி கேட்க யாருக்கு நேரம்?

நேற்றுப் பின்னேரம் வங்கி மனேச்சரின் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். குருத்து பாதி நிமிர்ந்து பச்சை ஏறியிருக்கிறது. மனிசன் அதற்கு முன்னால் கதிரை போட்டு, இரண்டு கையையும் முழங்காலுக்குள் இறுக்கிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும், "ஒண்டும் செய்யேல்லை ஐயா" என்றார். பக்கத்தில் வாளி ஈரமாக இருந்தது. நான் பொறுத்துக்கொண்டேன்.